குளத்து மீனுக்கும் 'ஃபேட்டி லிவர்' வருமா? கொழுகொழு மீனுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து!

'ஃபேட்டி லிவர்' மனுஷங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்கிறீங்களா? பண்ணைக் குளத்தில் வளரும் மீன்களுக்கும் வருகிறது. வெளியே பார்த்தால் மீன் கொழுகொழுவென இருக்கும். வயிற்றைக் கீறினால்தான் விஷயம் தெரியும்.

எந்த மீனுக்கு வரும்?

புல் கெண்டை நல்ல உதாரணம். உலகில் அதிகம் வளர்க்கப்படும் பண்ணை மீன்களில் இதுவும் ஒன்று. ஆண்டு உற்பத்தி 50 லட்சம் டன்னுக்கும் மேல், பெரும்பகுதி சீனாவில். தமிழ்நாட்டிலும் கட்லா, ரோகுவோடு சேர்த்துக் குளங்களில் விடுகிறார்கள். இயல்பில் இது புல்லும் நீர்த்தாவரமும் தின்னும் மீன். சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று மாவுச்சத்தும் கொழுப்பும் நிறைந்த தீவனத்தை அளவுக்கு மீறிக் கொட்டும்போதுதான் சிக்கல்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மாவுச்சத்தைப் பயன்படுத்தும் திறன் மீனுக்குக் குறைவு. மிஞ்சுவது கொழுப்பாக மாறி, கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படிகிறது. கல்லீரலில் இருந்து கொழுப்பை வெளியேற்ற கோலின் என்ற சத்து தேவை. தீவனத்தில் அது குறைந்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். நாள்பட்டு சிக்கு வாடை அடிக்கும் தீவனமும் கல்லீரலைக் கெடுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

செம்பழுப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் வீங்கி, வெளிறி, மஞ்சளாகத் தெரியும். தொட்டால் பிசுபிசுக்கும், எளிதில் உடையும்.

விவசாயிக்கு என்ன நஷ்டம்?

இந்த மீன்கள் அதிர்ச்சியைத் தாங்காது. வலை இழுக்கும்போதோ, வண்டியில் ஏற்றும்போதோ, விடியற்காலையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்போதோ செத்து மிதக்கலாம். மாதக்கணக்கில் தீவனத்துக்குப் போட்ட காசு ஒரே நாளில் போச்சு! பிழைத்த மீனிலும் கழிவுக் கொழுப்பு அதிகம், சதை குறைவு.

இது தொற்றுமா?

தொற்றாது. இது கிருமியால் வரும் நோய் இல்லை. ஒரே குளத்தில் பல மீன்களுக்கு வந்தால், எல்லாம் ஒரே தீவனத்தைச் சாப்பிட்டதுதான் காரணம். மீனிடமிருந்து நமக்கும் பரவாது.

என்ன செய்யலாம்?

* மாதம் ஒருமுறை சில மீன்களைப் பிடித்து எடை பாருங்க. அதை வைத்து தீவன அளவை முடிவு பண்ணுங்க.
* மேகமூட்டமான நாளில் தீவனத்தைக் குறைங்க.
* மூட்டையை ஈரம் படாமல் வையுங்க. பழையதை வாங்காதீங்க.
* புல் கெண்டைக்குப் பசும்புல் போடுங்க.
* எடை பார்க்கும்போதே ஒரு மீனைக் கீறி கல்லீரலைப் பாருங்க. மஞ்சளாக இருந்தால் மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்க.

மீன் குண்டாக இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல. வலை போடும் நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க!