நீரிழிவும் குருதி அமுக்கமும்

1922ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி, கனடாவின் ரொறன்ரோ நகரிலே, 14 வயதுச் சிறுவனான லெனாட் தொம்சனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அன்றைய ஊசி போதிய பயன் தரவில்லை. 12 நாள் கழித்து, தூய்மைப்படுத்திய மருந்தை ஏற்றிய பின்னரே அவன் தேறினான். ஈழத்தில் சலரோகம் எனவும் வழங்கும் நீரிழிவினால் விரைவில் மாண்டவர்கள் அதன்பின் நெடுநாள் வாழலாயினர். வாழ்ந்தவிடத்து வேறொரு பகை வெளிப்பட்டது. சீனியால் மடியாதவர்கள் மாரடைப்பாலும் பாரிசவாதத்தாலும் மடிந்தனர்.

குருதியின் அமுக்கத்தை அளக்க முயன்ற வரலாறு இதனினும் பழையது. ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் நாடியிலே குழாய் பொருத்தி, குருதி 8 அடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதரிடத்து அம்முறை செல்லுமா? புயத்தைச் சுற்றும் காற்றுப்பட்டையை இத்தாலிய வைத்தியர் றீவா-றொச்சி 1896இல் அமைத்தார். நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் வழியை உருசியரான கொறொற்கோவ் 1905இல் காட்டினார்.

அளக்கத் தெரிந்தும் தணிக்கத் துணிந்தாரில்லை. தடித்த நாடிகளினூடே குருதியைத் தள்ளுவதற்கு உயர் அமுக்கம் இன்றியமையாதது என வைத்தியர் பலர் எண்ணினர். கற்றோரிடையே இவ்வெண்ணம் அத்துணைக் காலம் நிலைத்தமை வியப்பே. அமெரிக்காவின் பிறேமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கி, 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆராய்ச்சி அதனைத் தகர்த்தது. உயர் அமுக்கமும் நீரிழிவும் ஒவ்வொன்றும் இதயத்துக்குக் கேடு என்பது புலனாயிற்று.

இரண்டும் ஒருவரிடத்தே கூடின் என் செய்வது? இதற்கு விடை தந்தது, ஒக்ஸ்போட் பேராசிரியர் றொபேட் ரேணர் தலைமையில் 1977இல் தொடங்கிய பிரித்தானிய ஆராய்ச்சி. இரு நோயும் உடைய 1,148 பேரை அது இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினரின் அமுக்கம் சராசரி 144/82 ஆகவும், மற்றவர்களது 154/87 ஆகவும் இருந்தது. மேலெண்ணில் வேறுபாடு வெறும் 10 அலகே. ஆயினும், இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவிலே பாரிசவாதம் நூற்றுக்கு 44 பங்கும், நீரிழிவு சார்ந்த மரணம் 32 பங்கும் குறைந்தன என 1998இல் அறிவிக்கப்பட்டது. பலருக்கு ஒரு மருந்து போதவில்லை. மூன்றும் அதற்கு மேலும் வேண்டியிருந்தன.

ஆராய்ச்சி முடிந்தபின் அவர்கள் தத்தம் வைத்தியரிடம் சென்றனர். இரு பிரிவினரின் அமுக்க வேறுபாடு ஈராண்டுக்குள் மறைந்தது. சீனியை முன்னர் கட்டுப்படுத்தியதன் நன்மை பத்தாண்டு கடந்தும் தொடர்ந்தது; அமுக்கத்தைத் தணித்ததால் வந்த நன்மையோ நிலைக்கவில்லை என 2008இல் வெளியான அறிக்கை காட்டியது.