நான்கா, எட்டா?

பச்சிலை சூரிய ஒளியைக் கொண்டு தன் உடலைத் தானே கட்டிக்கொள்கின்றது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயின், பெறும் ஒளியில் எத்தனை பங்கை அது பொருளாக்குகின்றது என்னும் கேள்வி, ஓர் ஆசிரியரையும் அவர்தம் மாணவரையும் எதிரெதிரே நிறுத்திற்று என்பதைப் பலர் அறியார்.

மண்ணே மரமாகின்றது என்றுதான் பண்டை அறிஞர் நம்பினர். பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மான்ட் என்பார் 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் வார்த்து, 5 ஆண்டு வளர்த்தார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணோ சுமார் 2 அவுன்ஸே குறைந்தது. அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இதனைக் காணலாம். மரம் முழுதும் நீரே என்று அவர் முடிவு கட்டியது பிழை. தராசைக் கொண்டு கேட்டது பிழையன்று. பச்சை உறுப்புகள் வெயில் பட்டால்தான் பிராணவாயுவை விடும் என்பதை 1779இல் இங்கென்ஹவுஸ் காட்டினார்.

ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க், 1920களின் தொடக்கத்தில், குளோரெல்லா என்னும் நுண்ணிய பாசியைக் கண்ணாடிக் கலத்திலிட்டு ஒளி பாய்ச்சி, வாயுவின் அழுத்தம் மாறுவதை அளந்தார். பிராணவாயுவின் ஒரு மூலக்கூறு வெளிவர 4 ஒளித்துளிகளே போதும் என்றார். அப்படியாயின், உறிஞ்சப்பட்ட செந்நிற ஒளியின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சேமிப்பாகும்! இயற்கை இத்துணைச் சிக்கனமா? வேறோர் ஆய்வுக்காக 1931இல் நோபல் பரிசும் பெற்றுவிட்ட அவரை மறுக்க எவர் துணிவார்?

துணிந்தவர், அவரிடமே பயின்று 1927இல் பட்டம் பெற்ற அமெரிக்கர் ராபர்ட் எமர்சன். லூயிஸ் என்பாருடன் அவர் மீண்டும் அளந்தார். ஒளி பட்ட முதற்சில நிமிடங்களில் பாசி கரியமில வாயுவையும் வெளிவிடுவது தெரிந்தது. அழுத்தமானிக்கு எந்த வாயுவும் ஒன்றே. ஆதலால் பிராணவாயு மிகுந்ததாகத் தோன்றிற்று. திருத்திக் கணக்கிட்டால் 8 முதல் 12 துளிகள் வேண்டியிருந்தன. 1948இல் எமர்சன் பணியாற்றிய இல்லினாய் பல்கலைக்கழகத்திற்கே வார்பர்க் வந்து சோதனை செய்தார். இணக்கம் பிறக்கவில்லை.

பின்வந்த ஆய்வாளர் எமர்சனின் எண்ணையே ஏற்றனர். கழனிப் பயிரின் நிலை இன்னும் இறுக்கமானது. வெயிலில் ஏறத்தாழப் பாதி இலைக்குப் பயன்படா நிறம். எஞ்சியதிலும் திரும்பித் தெறிப்பது, வெப்பமாவது, பயிரின் சுவாசத்தில் செலவாவது என்று கழிவு மிகுதி. 2008இல் வெளியான கணக்கின்படி நெல், கோதுமை வகைக்கு உச்சவரம்பு 4.6 சதவீதம், கரும்பு, சோள வகைக்கு 6. பெரும்பாலான வயல்கள் அதையும் எட்டுவதில்லை.

எமர்சன் 1959இல் விமான விபத்தில் மாண்டார். வார்பர்க் 1970இல் இறக்கும் வரையிலும் தம் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.