அன்று என்றால் ஐந்து காசு

ராயகிரியிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால் நாங்கள் சங்கரன்கோவிலில் பஸ் மாறுவோம். வன்னிக்கோனேந்தல், தேவர்குளம் எல்லாம் தாண்டி, திருநெல்வேலிக்குச் சற்று முன்னால் மானூர் வரும். ஆவணி மூலத்துக்கு நெல்லையப்பர் எழுந்தருளும் அம்பலவாண சுவாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்தத் திருவிழா எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும், கூட்டத்தைக் கெடுப்பவனை என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊரும் அதுதான் என்பது அவ்வளவாகத் தெரியாது.

பழங்காலத்து ஊராட்சி என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராக உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைத்தான் சொன்னார். மானூர் கல்வெட்டு அதைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.பி. 800இல் வெட்டப்பட்டது. அப்போது ஊரின் பெயர் மானநிலைநல்லூர். களக்குடி நாட்டில் இருந்த ஒரு பிரம்மதேயம்.

அந்த ஊர் மகாசபை கூடி எடுத்த முடிவுதான் கல்வெட்டின் விஷயம். முதல் பகுதி, சபையில் யார் உட்காரலாம் என்பது. ஊரில் நிலப்பங்கு உள்ளவர்களின் பிள்ளைகளில், ஒரு பங்குக்கு ஒருவர்தான் வரலாம். அவர் நல்லொழுக்கம் உள்ளவராக, வேதத்தோடு ஒரு தர்ம நூலும் படித்தவராக இருக்க வேண்டும். பங்கை விலைக்கு வாங்கியவர், தானமாகப் பெற்றவர், சீதனமாக அடைந்தவர் எல்லோருக்கும் படிப்புத் தகுதி உண்டு. கால் பங்கு, அரைப் பங்கு என்று வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. முழுப் பங்கு இல்லாதவர் எந்த வாரியத்திலும் இருக்க முடியாது. வாரியம் என்றால் இன்றைய கமிட்டி.

இதற்கு அடுத்து வருவதுதான் என்னை நிறுத்திய வரி. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வாசித்துச் சொன்ன பொருள்படி, தகுதியோடு உள்ளே வந்தவர்கள் சபைக்கு வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று சொல்லித் தடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. அப்படித் தடுப்பவரும், அவருக்குத் துணையாக நிற்பவரும், எந்தெந்தக் காரியத்தில் தடுத்தார்களோ அந்தந்தக் காரியத்துக்கு ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் இதே விதிக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

இப்போது எந்தக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் அந்த ‘அன்று’ ஆளைப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும் என்றால் எதுக்கு என்பார். கேமரா வேண்டும் என்றால் வேண்டாம் என்பார். கேமரா வேண்டாம் என்று முடிவானால் அதற்கும் வேண்டாம் என்பார். நம்முடைய முதல் யோசனை, இந்த மனுஷனை வெளியே அனுப்பினால் என்ன என்பதாகத்தான் இருக்கும்.

மானநிலைநல்லூர்க்காரர்கள் அப்படி யோசிக்கவில்லை. அவர்கள் விதியில் சில நல்ல குணங்கள் இருக்கின்றன. தண்டம் எவ்வளவு என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் தலைமை வகிப்பவரின் கோபத்தைப் பொறுத்து அது ஏறாது, இறங்காது. தண்டம் காரியத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. இந்த விஷயத்தில் தடுத்தாயா, இதற்கு ஐந்து காசு. பின்னால் நின்று தூண்டிவிடுபவரையும் விதி பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், தடுத்தவரைச் சபையைவிட்டு நீக்கு என்று விதி சொல்லவில்லை. தண்டத்தைக் கட்டிவிட்டு அதே சபையில், அதே விதியின் கீழ் அவர் இருந்துகொள்ளலாம். தண்டனைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? விடாமல் ‘அன்று’ என்பவரை வம்புக்காரர் என்று முடிவுசெய்வது யார்? சபைதான், அதாவது பெரும்பான்மை. எந்தப் பெரும்பான்மையை எதிர்த்து அவர் ‘அன்று’ சொன்னாரோ, அதே பெரும்பான்மை. வாதியே நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறார்.

இது மானூரின் குறை மட்டுமில்லை. கி.மு. 59இல் ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கான்சலாக இருந்தபோது கொண்டுவந்த நிலச் சட்டத்தை எதிர்த்து, கேட்டோ செனட்டில் பேச்சை நிறுத்தாமல் பேசினார். பொழுது சாய்ந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பது வழக்கம், அதுதான் அவருடைய உத்தி. சீசர் அவரைச் சிறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். செனட்டர்கள் பலர் எழுந்து கேட்டோவின் பின்னாலேயே போனார்கள். உம்மோடு இங்கே இருப்பதைவிட அவரோடு சிறையில் இருக்கலாம் என்று ஒருவர் சீசரிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். சீசர் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. தண்டனை அளவு மீறினால் அவை அதைத் தாங்காது.

அடுத்தது லண்டன். 1881 ஜனவரி 31ஆம் தேதி கூடிய பிரிட்டிஷ் மக்களவை பிப்ரவரி 2ஆம் தேதி காலை வரை, 41 மணி நேரத்துக்கு மேல் கலையவே இல்லை. பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் ஆள் மாற்றி ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட், எந்த விதியிலும் இல்லாத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு விவாதத்தை முடித்துவைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அயர்லாந்துக்காரர்கள் செய்தது வெறும் அடாவடி. ஆனால் அந்த மசோதா, அயர்லாந்தில் ஒருவரை விசாரணை இல்லாமலே சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா. தங்கள் ஊர்க்காரர்களை உள்ளே தள்ளப்போகிற சட்டத்துக்கு அவர்கள் ‘அன்று’ என்றார்கள். விவாதத்தை முடித்துவைப்பதற்கான விதி 1882இல்தான் முறையாக எழுதப்பட்டது. முதலில் செயல், பிறகு விதி. எங்கள் மென்பொருள் தொழிலில் இப்படி யாராவது செய்தால் அன்றைக்கே கேள்வி வரும்.

ஆக, பேசுபவனுக்கு விதி வைத்தால் மட்டும் போதாது. நடத்துபவனுக்கும் விதி வேண்டும். அதைத்தான் உத்திரமேரூர் செய்தது. குடவோலை என்றதும் நமக்குப் பானையும் ஓலையும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தகுதியின்மைப் பட்டியல். ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள் ஒரு நீண்ட பட்டியலாக விலக்கப்படுகிறார்கள். தம்பியை நிறுத்திவிட்டு அண்ணன் பின்னாலிருந்து நடத்துவது அன்றைக்கும் இருந்திருக்கிறது போல. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் ஓலையில் ஏறாது. பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் உடனே நீக்கம்.

ஓலை எடுக்கும் முறையையும் பாருங்கள். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். விவரம் அறியாத ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடாக இருக்க வேண்டும். பிறகு அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நல்லவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்று அவர்கள் நம்பவில்லை. நல்லவர் கையையும் விரித்துக் காட்டச் சொன்னார்கள்.

முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல், ஒரு விதித்தொகுப்பு. 14ஆம் ஆண்டில், 921இல், அதைத் திருத்திய இன்னொன்று. வயது வரம்பு 30–60 என்று இருந்தது 35–70 ஆனது. இரண்டும் ஒரே ஊரில் கல்லில் இருக்கின்றன. பழையதைச் செதுக்கி அழிக்காமல் புதியதையும் வெட்டினார்கள். அதனால்தான் எது மாறியது என்று இன்றைக்கும் நம்மால் ஒப்பிட முடிகிறது. விதியை மாற்றலாம், மாற்றியதை மறைக்கக் கூடாது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். மானூர், உத்திரமேரூர் இரண்டு சபையும் பிராமண நிலவுடைமையாளர் சபைகள். அந்த நிலத்தில் ஏர் உழுதவருக்கோ, பெண்களுக்கோ ‘ஆம்’ சொல்லவும் இடமில்லை, ‘அன்று’ சொல்லவும் இடமில்லை. ஐந்து காசு தண்டம் கட்டுவதற்குக்கூட முதலில் உள்ளே இருக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் எல்லாம் இருந்தது என்று மார்தட்டுவதற்கு இந்தக் கல்வெட்டுகள் உதவாது. உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் எவ்வளவு நுணுக்கமாக நியாயம் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் அவை காட்டுகின்றன. வெளியே நின்றவர்களுக்கு அந்த நுணுக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. கிராமசபையில் ஊராட்சியின் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். சட்டமன்றத்தில் சபாநாயகரையே நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். அரசியலமைப்பின் 181ஆம் பிரிவுப்படி அந்த விவாதத்தின்போது அவர் தலைமை நாற்காலியில் உட்காரக் கூடாது. மானூரில் இல்லாத கதவு இது. ஆனாலும் பெரும்பான்மை கையில் இருந்தால் சபாநாயகருக்குக் கவலையில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள், மறுக்கப்பட்டது, அமளி நடந்தது, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 122க்கு 11 என்று முடிவு வந்தது. அமளி செய்தது சரியா, வெளியேற்றியது சரியா என்று அவரவர் கட்சிப்படி இன்னும் பேசலாம். அடுத்த மாதமே சபாநாயகர் மீது கொண்டுவந்த தீர்மானமும் தோற்றுப்போனது. அளவெடுக்கும் கோல், அளக்கப்படுபவர் கையில்தான் இருந்தது.

அப்படியானால் பெரும்பான்மைக்கு எதிராக ஒருவர் கையில் மிஞ்சுவது என்ன? நான் யோசித்துப் பார்த்தவரை ஒன்றுதான்: காரணத்தைப் பதிவாக்கும் உரிமை. மானூர் கல்லில் தடுத்தவருக்கான தண்டம் இருக்கிறது, அவர் ஏன் தடுத்தார் என்று எழுதுவதற்கு ஓர் இடம் இல்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நெருக்கடி நிலையின்போது, ஒருவரைக் காரணமின்றிச் சிறையில் வைத்தாலும் அவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் ‘அன்று’ என்றார். அவருக்கும் தண்டம் விழுந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான எம்.எச். பெய்க் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். ஆனால் அவருடைய மாறுபட்ட தீர்ப்பை, பெரும்பான்மைத் தீர்ப்பு இருக்கும் அதே தொகுப்பில், காரணங்களோடு முழுதாக அச்சிட்டார்கள். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று ரத்து செய்தது. கன்னா சொன்னதே சரி என்றானது. 41 வருடம்.

தண்டத்தை அவர் கட்டிவிட்டார். எடுத்துப் படிக்க அந்தப் பக்கங்கள் இருந்தன.