பிளாஸ்மா திரை டிவிக்காகப் பிறக்கவில்லை

ஒரு பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம் பக்கம் போயிருந்தீங்கன்னா, 'பிளாஸ்மா டிவி'ன்னு ஒரு போர்டு கண்ணுல பட்டிருக்கும். பெரிய டிவி, பெரிய விலை. அந்தத் திரையை முதல்ல யாருக்காகக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? பாடம் படிக்கிற மாணவர்களுக்காக.

அமெரிக்காவில் அர்பானா என்ற ஊரில் இருக்கிறது இல்லினாய் பல்கலைக்கழகம். 1960-ல் அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் 'பிளேட்டோ' திட்டத்தைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் பாடம் நடத்தும், மாணவர் தன்னோட வேகத்துல படிக்கலாம். ஐடியா சூப்பர். சிக்கல் திரையில்தான்.

அப்போ இருந்தது பிக்சர் டியூப். அதில் வரைந்த படம் சட்டென்று மங்கிவிடும், நொடிக்குப் பல தடவை திரும்ப வரையணும். அப்படி வரைய, எந்தப் புள்ளி எரியணும், எது அணையணும் என்பதை எங்காவது சேமிச்சு வைக்கணும். 512-க்கு 512 புள்ளி உள்ள திரைன்னா 2,62,144 பிட், அதாவது 32 கிலோபைட். இன்னைக்கு வாட்ஸப்ல வர்ற குட்மார்னிங் போட்டோவே அதைவிடப் பெரிசு! ஆனா 1960-களில் ஒவ்வொரு மாணவர் மேசைக்கும் அவ்வளவு மெமரி வாங்க எந்தக் கல்வி பட்ஜெட்டும் தாங்காது.

பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் வில்சன். மூணு பேரும் கேள்வியையே மாத்திக் கேட்டாங்க: திரையே ஞாபகம் வெச்சுக்கிட்டா என்ன?

1964 ஜூலையில் விடை கிடைத்தது. மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு குட்டி அறை, உள்ளே வாயு, மின்முனைகள் கண்ணாடிக்கு வெளியே. போதுமான வோல்டேஜ் கொடுத்தால் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, பிளாஸ்மாவாகி ஒளிரும். குறுக்கே கண்ணாடி இருப்பதால் மின்னூட்டம் வெளியேற முடியாமல் அறைச்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த துடிப்பு எதிர்த்திசையில் வரும்போது அதுவும் சேர்ந்து தள்ளும், அறை மறுபடி ஒளிரும்.

பெட்ரோல் தீர்ந்த பைக்கைத் தள்ளியிருக்கீங்களா? நகர்த்தத்தான் தம் கட்டணும், உருள ஆரம்பிச்சிட்டா லேசா தள்ளினாலே போதும். அதே கதைதான். எல்லாப் புள்ளிக்கும் அந்த லேசான வோல்டேஜ் போய்க்கிட்டே இருக்கும். எரியற புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அணைஞ்சது அணைஞ்சே இருக்கும். தனியா மெமரி தேவையில்லை.

1972-ல் வந்த பிளேட்டோ முனையங்களில் நியானின் ஆரஞ்சு நிறத்தில் பாடம் ஒளிர்ந்தது. விரலால் திரையைத் தொட்டே பதில் சொல்லலாம்!

அப்புறம் மெமரி விலை மளமளன்னு இறங்கிடுச்சு. எதுக்காகப் பிறந்ததோ அந்தக் காரணமே போச்சு. 1987-ல், பிளாஸ்மா திரைத் தயாரிப்பை ஐபிஎம் கைவிட்டபோது, இல்லினாயில் இதே துறையில் வளர்ந்த லாரி வெபர் சிலரோடு சேர்ந்து அந்தக் கருவிகளை வாங்கி, 'பிளாஸ்மாகோ' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். வண்ணத்திரைக்கான வேலை அங்கே தொடர்ந்தது. 1996-ல் அதை வாங்கியது மட்சுஷிதா, நமக்குத் தெரிந்த பெயரில் பானசோனிக். 1999-ல் 60 அங்குலத் திரையே வந்துவிட்டது.

2013 கடைசியில் பானசோனிக்கும் தயாரிப்பை நிறுத்தியது. எல்சிடி ஜெயித்துவிட்டது.

நடுவில் 2002-ல், இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பிட்சருக்கு எம்மி விருது கிடைத்தது. வகுப்பறைக்குத் திரை தேடிப் போன மனுஷனுக்கு டிவி உலகத்தோட விருது!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.