ஆன்டெனா டிவியில் திடீர்னு படம் போச்சா? பிரிட்டனில் சிக்னல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனா கம்பியைப் பிடித்துத் திருப்புவார். "இப்ப வருதா?" என்று கத்துவார். ஹாலில் இருந்து பதில் போகும்: "இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு, பழைய இடத்துக்கே வை!" தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். பிறகு கேபிள் வந்தது, டிடிஹெச் வந்தது, ஓடிடி வந்தது. 2021, 2022இல் தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோது நம்மில் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே கூரை ஆன்டெனா இன்னும் உயிரோடு இருக்கிறது. 2002இல் தொடங்கிய 'ஃப்ரீவியூ' சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. டிவி லைசென்ஸ் இருந்தால் போதும், கூரையில் இருந்து வரும் ஒயரை டிவியில் செருகிப் பார்க்கலாம். வேலைக்காக அங்கே போய் வாடகை வீடு எடுக்கும் நம் ஆட்கள் பலருக்கு, சுவரில் இருக்கும் அந்த வட்டமான சாக்கெட் எதற்கென்றே முதலில் புரிவதில்லை. புரிந்து, செருகி, நாலு நாள் பார்த்த பிறகு ஒரு மாலை 'நோ சிக்னல்' என்று வரும். அப்போது என்ன செய்வது?

கோபுரமே எரிந்தால்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பிரச்சினை உங்கள் வீட்டிலா, கோபுரத்திலா?

2021 ஆகஸ்ட் 10 அன்று வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள பில்ஸ்டேல் ஒளிபரப்புக் கம்பத்தில் தீ பிடித்தது. 314 மீட்டர் உயரம், 1969இல் கட்டியது. டீஸைட், வடக்கு யார்க்‌ஷயர், டரம் பகுதிகளில் லட்சக்கணக்கான வீடுகளில் டிவி ஒரே நேரத்தில் நின்றுபோனது. பக்கத்து மேட்டு நிலத்தில் 80 மீட்டர் தற்காலிகக் கம்பம் எழுப்பி அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பைத் தொடங்கும்வரை பல வீடுகள் இரண்டு மாதம் காத்திருந்தன. நிரந்தரக் கம்பம் 2023இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. இளைஞர்கள் போனில் பார்த்துச் சமாளித்தார்கள். இணைய இணைப்பே இல்லாத முதியவர்களுக்கு அந்த டிவிதான் வீட்டில் ஒலிக்கும் ஒரே குரல்.

அந்தச் சமயத்தில் நிறையப் பேர் செய்த தவறு ஒன்று உண்டு. சிக்னல் இல்லை என்றதும் ரிமோட்டை எடுத்து 'ரீட்யூன்' கொடுத்தார்கள். சிக்னலே இல்லாதபோது ரீட்யூன் செய்தால் டிவி புதிதாக எதையும் கண்டுபிடிக்காது. ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த சேனல் பட்டியலையும் அழித்துவிடும். கோபுரம் திரும்பி வந்தாலும் உங்கள் டிவி காலியாகவே இருக்கும். அதனால் ரிமோட்டைக் கீழே வையுங்கள். பக்கத்து வீட்டில் டிவி வருகிறதா என்று கேளுங்கள். ஃப்ரீவியூ தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், உங்கள் கோபுரம் எது, அதில் வேலை நடக்கிறதா என்று காட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கெடாது, ஒரேயடியாக விழும்

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் தெரியும், ஆனாலும் கிரிக்கெட் ஸ்கோர் படிக்க முடியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. வரும் தரவில் உள்ள பிழைகளை டிவி ஓர் எல்லைவரை தானே திருத்திக்கொள்ளும். அதுவரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லை தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டு விட்டு வரும், அடுத்து கறுப்புத் திரை. மலை விளிம்பில் நடப்பது மாதிரி. நேற்றுவரை நன்றாக வந்ததே என்பதால் நேற்று சிக்னல் வலுவாக இருந்தது என்று அர்த்தமில்லை. நீங்கள் விளிம்பில் நின்றிருக்கலாம்.

அதனால் "இப்ப வருதா?" முறையும் இங்கே சரிப்படாது. ஆன்டெனாவைத் திருப்பியபின் டிவி மறுபடி சிக்னலைப் பூட்டிப் படம் காட்டச் சில நொடிகள் ஆகும். அதற்குள் மாடியில் இருப்பவர் தாண்டிப் போயிருப்பார்.

எந்தச் சேனல் போச்சு என்பதுதான் முக்கியத் தடயம்

ஃப்ரீவியூவில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி அலைவரிசை கிடையாது. பல சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த மூட்டைக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். பெரிய கோபுரங்களில் பொதுவாக 6 மூட்டைகள் இருக்கும்.

எல்லாச் சேனலும் ஒரேயடியாகப் போனால், அந்தப் பகுதிக் கோபுரமும் சரியாக இருந்தால், சந்தேகம் ஒயர் மீது போக வேண்டும். சாக்கெட், இணைப்பு முனை, இவற்றோடு ஆம்ப்ளிஃபயரின் மின்சாரம். பல வீடுகளில் ஆன்டெனா அருகே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் இருக்கும்; அதற்கான அடாப்டர் பரணிலோ சோபாவுக்குப் பின்னாலோ செருகியிருக்கும். வேக்யூம் கிளீனர் போட யாரோ அந்த ஸ்விட்சை அணைத்திருப்பார்கள். சிரிக்காதீங்க, இது நிஜமாகவே அடிக்கடி நடக்கும் கோளாறு.

சில சேனல் மட்டும் போனால் ஒரு மூட்டை போயிருக்கிறது என்று பொருள். டிவியின் அமைப்புப் பக்கத்தில் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு அளவுகள் காட்டும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது எவ்வளவு சிக்னல் வருகிறது என்பது. இரண்டாவது, வருவதில் எவ்வளவு உருப்படியானது என்பது. ஸ்ட்ரெங்த் குறைவு, குவாலிட்டியும் குறைவு என்றால் ஆன்டெனா திசை, ஒயர், குறுக்கே வளர்ந்த மரம். ஸ்ட்ரெங்த் அதிகம் ஆனால் குவாலிட்டி குறைவு என்றால் வேறு ஏதோ சிக்னல் குறுக்கிடுகிறது, அல்லது சிக்னல் அளவுக்கு மீறி வருகிறது.

ஆமாம், சிக்னல் அதிகமாவதும் கோளாறுதான். லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கடையில் 'பூஸ்டர்' வாங்கி மாட்டினால், நன்றாக இருந்த படமும் போய்விடும். காதுக்குள் வந்து கத்தினால் வார்த்தை புரியாத மாதிரி. பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் அதிகம் என்றால் சிக்னலைக் குறைக்கும் 'அட்டெனுவேட்டர்' என்ற சிறு முனை மலிவாகக் கிடைக்கும்.

என் தொழில் புத்தி சொல்லும் யோசனை: ஒரு வாரம் எக்செல்லில் குறித்து வையுங்கள். நேரம், சேனல், இரண்டு அளவுகள், வானிலை. மழைக்குப் பின் கெட்டு, வெயிலில் சரியானால் ஒயருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. காற்றடிக்கும்போது மட்டும் உடைந்தால் ஆன்டெனாவின் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது மரக்கிளை ஆடுகிறது. மெக்கானிக்கிடம் "சில நேரம் வரல" என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும்.

வேறு ஊர்ச் செய்தி வருகிறதா?

பிரிஸ்டலில் இருக்கிறீர்கள், ஆனால் 4ஆம் எண்ணில் சேனல் 4 வராமல் வெல்ஷ் மொழி எஸ்4சி வருகிறது. டிவி பழுதில்லை. கடலிடுக்கைத் தாண்டி வேல்ஸில் உள்ள வென்வோ கோபுரத்தை அது பிடித்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது மெண்டிப் கோபுரம். இரண்டு கோபுரமும் எட்டும் இடங்களில் தானியங்கி ட்யூனிங் இப்படிக் குழம்பும். 800க்கு மேற்பட்ட எண்களில் போய்த் தேடுங்கள், சரியான சேனல் அங்கே ஒளிந்திருக்கலாம். இல்லையென்றால் உங்கள் கோபுரத்தின் அலைவரிசை எண்களைப் பார்த்துக் கையால் ட்யூன் செய்ய வேண்டும்.

சிறு ரிலே கோபுரத்தை நம்பியிருக்கும் பள்ளத்தாக்கு வீடுகளில் பொதுவாக 3 மூட்டைகளே வரும். அங்கே சேனல் குறைவாக இருப்பது கோளாறே இல்லை. பல ரிலேக்களுக்கு ஆன்டெனாவின் குச்சிகள் படுக்கையாக இல்லாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். தெருவில் நின்று மற்ற வீட்டுக் கூரைகளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

வானிலை, மொபைல்

உயர் அழுத்த வானிலை நிலவும் நாட்களில் தொலைதூரக் கோபுரங்களின் சிக்னல், வழக்கத்தைவிட வெகுதூரம் பயணித்து வந்து மோதும். இதற்கு மருந்து பொறுமைதான். ரீட்யூன் வேண்டவே வேண்டாம். ஒருசில நாளில் தானே சரியாகும்.

மொபைல் சிக்னல் கதை வேறு. ஒரு காலத்தில் டிவி பயன்படுத்திய 800 மெகாஹெர்ட்ஸ் பட்டை 4ஜிக்குப் போனது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2020இல் காலி செய்து 5ஜிக்குத் தந்தார்கள். டிவிக்கு மிஞ்சியது 470 முதல் 694 வரை. பழைய ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபயரும் இதை அறியாமல் மொபைல் சிக்னலையும் சேர்த்து விழுங்கும். அருகில் புதிய மொபைல் கோபுரம் வந்தபிறகு படம் உடைய ஆரம்பித்தால் ஒரு ஃபில்டர் போதும். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் ஃபில்டர் அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் மாட்டிப் பயனில்லை.

வாடகை வீட்டில் கூரைமேல் ஏறாதீர்கள். அடுக்குமாடியில் பொது ஆன்டெனா என்றால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதுங்கள். 'ஆன்டெனா' என்பதைவிட 'ஏரியல்' என்று சொன்னால் சீக்கிரம் புரியும்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? ஃப்ரீவியூ மல்டிபிளெக்ஸ்களின் உரிமங்கள் 2034வரை நீட்டிக்கப்பட்டுள்ளன. அதற்குப் பிறகு என்ன என்பதற்கு, ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2024இல் மூன்று பாதைகளை முன்வைத்தது: பணம் போட்டு நவீனமாக்குவது, சில முக்கியச் சேனல்களோடு சுருக்குவது, 2030களில் மொத்தமாக மூடி இணையத்துக்கு மாறுவது. அதே ஆண்டு ஒளிபரப்பாளர்கள் 'ஃப்ரீலி' என்ற இணையவழிச் சேவையையும் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ஆன்டெனா வேண்டாம், பிராட்பேண்ட் வேண்டும். பில்ஸ்டேல் எரிந்தபோது இரண்டு மாதம் காத்திருந்த முதியவர்களில் பலரிடம் இல்லாதது அதுதான்.