பெயரைத் தடை செய்தால் குலம் அழியுமா? ஸ்காட்லாந்தின் மெக்ரெகர்கள் கதை

1/ பரம்பரை நோய் எதையாவது சந்தேகப்பட்டால் மருத்துவர்கள் நாங்கள் முதலில் கேட்பது, "உங்க அப்பா வழியில, அம்மா வழியில யாருக்காச்சும் இது இருந்துச்சா?" என்பதுதான். பலரும் தாத்தா பாட்டியோட நின்னுடுவாங்க. அந்தத் தாத்தாவுக்கு மேலே தேடிப் போவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் மக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து வம்சாவளியினர். அவங்களைப் பத்தின இழை இது.

2/ ஏன் இவ்வளவு தேடல்? ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டுக்கு ஹைலேண்ட்ஸ் என்று பெயர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குத்தகை ஏறியது. அப்புறம் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1773இல் ஹெக்டர் என்ற கப்பல் ஏறத்தாழ 190 பேருடன் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள்.

3/ அவர்களுடைய வாரிசுகள் கையில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு சர்நேம்தான். "என் சர்நேம் கேம்ப்பெல். அப்போ நான் கேம்ப்பெல் குலம். என் ரத்தம் கேம்ப்பெல் ரத்தம்." கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

4/ 'கிளான்' என்ற சொல் 'பிள்ளைகள்' என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொல். 'மெக்' என்றால் 'மகன்'. பெயரளவில் எல்லாரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். நடைமுறையில் ஒரு தலைவரின் நிலத்தில் உழுதவர், அவர் பாதுகாப்பில் வாழ்ந்தவர், அவருக்காக வாள் எடுத்தவர் எல்லாருமே அந்தக் குலம்தான். பலர் தலைவரின் பெயரையே தங்கள் பெயராக்கிக் கொண்டார்கள். ஓட்ஸ் மாவுக்காகப் பேர் மாத்திக்கிட்டவங்கன்னு ஃப்ரேசர்களில் ஒரு சாராரைக் கிண்டல் செய்யும் வழக்கே உண்டு.

5/ விரும்பிப் பெயர் மாற்றியவர்கள் ஒரு பக்கம். உயிருக்குப் பயந்து மாற்றியவர்கள் இன்னொரு பக்கம். இங்கதான் மெக்ரெகர்கள் வர்றாங்க.

6/ 1603 பிப்ரவரி. கிளென் ஃப்ரூன் பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கஹூன் குலத்தாரைத் தாக்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மன்னர் ஆறாம் ஜேம்ஸ் கொதித்துப் போனார். அதே ஏப்ரலில் அரசு ஆணை வந்தது. மெக்ரெகர் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது. வேறு பெயருக்கு மாற வேண்டும். மீறினால் மரணம்.

7/ அவர்கள் ஆயுதம் வைத்திருக்கவும் தடை. சாப்பாட்டில் இறைச்சி வெட்ட, முனையில்லாத கத்தி ஒன்று மட்டும் அனுமதி. குலத் தலைவர் அலஸ்டர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். 1661இல் தடை நீங்கியது. 1693இல் மறுபடி வந்தது. முழுசாக நீங்கியது 1774இல்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, முதல் ஆணைக்கும் கடைசி விடுதலைக்கும் இடையே 171 வருஷம்!

8/ தடை இருந்த காலங்களில் அவர்கள் மர்ரே, கிராண்ட், ட்ரம்மண்ட், கேம்ப்பெல் என்ற பெயர்களில் வாழ்ந்தார்கள். இதில் கேம்ப்பெல்தான் கொடுமை. மெக்ரெகர்களின் நிலத்தைப் பறித்த குலம் அது! புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் தாயின் குலப்பெயரான கேம்ப்பெல் என்றே கையெழுத்துப் போட்டார்.

9/ தடை நீங்கிய பிறகு அந்தக் குலத்தவர் 826 பேர் கையெழுத்திட்டு ஒருவரைத் தலைவராக ஏற்றார்கள். அவருடைய அன்றைய பெயர் என்ன தெரியுமா? ஜான் மர்ரே! தலைவர் பெயரிலேயே மெக்ரெகர் இல்லை. சட்டம் தாளில் பெயரை அழித்தது. வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததை அழிக்க முடியவில்லை.

10/ எங்க துறையிலும் ஒரு தொடர்பு உண்டு. எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் கிரிகோரி (1753–1821), ருபார்ப் வேர், இஞ்சி, மக்னீசியா சேர்ந்த 'கிரிகோரி பொடி'யால் பேர் வாங்கியவர். தாங்கள் மெக்ரெகர் வழி வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு. பெயரில் 'மெக்' மட்டும் இல்லை.

11/ "சரி டாக்டர், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன் கட்டம் போட்ட துணி இருக்கே, அதை வச்சுக் கண்டுபிடிக்கலாமே?" முடியாது. 1815இல் லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி குலத் தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரியைக் கேட்டபோது, தங்கள் டார்டன் எதுவென்று தெரியாத தலைவர்களே இருந்தார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் நடத்திய கோலாகலத்தில்தான் அது பெரிய மோஸ்தர் ஆனது. 1842இல் பழைய சுவடி என்று சொல்லி வந்த ஒரு டார்டன் புத்தகம் போலி. ஆசையா வாங்கிப் போட்டுக்கோங்க. சாட்சியா எடுத்துக்காதீங்க.

12/ அப்போ எப்படித் தேடுவது? உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போகணும். கோட்டையில் இருந்த தலைவரில் தொடங்கி உங்களை நோக்கி வந்தால் ஆசைதான் வழிகாட்டும். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயம். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர்கள் கிடைக்கும். அதற்கு முன்னே தேவாலயப் பதிவேடுகள், மிகப் பழையது 1553ஐச் சேர்ந்தது. ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் இவற்றைத் தேடலாம்.

13/ இதில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே இறப்புப் பதிவில் அப்பா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். பெண்வழி தொலைந்து போகாது. இன்னொரு துப்பு, மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் வைக்கும் வழக்கம். பெயரைச் சுமப்பவன் பேரன் என்ற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

14/ மரபணுப் பரிசோதனை? உதவும். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, சர்நேம் மாதிரியே. வேறு சர்நேமோடு வாழும் சிலருடைய ஒய் குரோமோசோம் மெக்ரெகர் வழியோடு பொருந்தியதும் உண்டு. ஆனா எட்டுத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 256 மூதாதையர். சர்நேமும் ஒய் குரோமோசோமும் அதில் ஒரே ஒருத்தரைத்தான் காட்டும். மீதி 255 பேரும் உங்க ரத்தம்தானே?

15/ இது வெறும் பொழுதுபோக்கும் கிடையாது. உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோய் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வம்சாவளியினரிடம் அதிகம். கவனிக்காவிட்டால் கல்லீரல் கெடும், சர்க்கரை நோய் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அவ்வப்போது ரத்தம் எடுத்தே கட்டுக்குள் வைக்கலாம். 1855க்குப் பிந்தைய இறப்புப் பதிவில் இறப்புக்கான காரணமும் இருக்கும். கொள்ளுத்தாத்தா எதனால் இறந்தார் என்ற ஒரு வரி, இன்றைக்கு ஒரு பேத்தியைச் சரியான நேரத்தில் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

16/ கேம்ப்பெல் என்ற பெயரோடு தேடக் கிளம்பிய ஒருத்தர் கடைசியில் மெக்ரெகராக முடியலாம். தலைவர் வம்சம் என்று நினைத்தவர் அவர் நிலத்தில் உழுத குத்தகைக்காரரின் கொள்ளுப்பேரனாக இருக்கலாம். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. பெயர் பறிபோய், நிலம் பறிபோய், கப்பலேறிப் பிழைத்தவர்களின் பிள்ளை என்பதைவிடப் பெரிய பரம்பரைப் பெருமை வேறென்ன இருக்கு?

பிடிச்சிருந்தா நண்பர்களுக்கும் பகிருங்க.