விடை தெரிந்த பரிசோதனை: முதலாம் வருடப் பௌதிகவியலின் கதை

ஒரு மீற்றர் நூல், ஒரு உலோகக் குண்டு, ஒரு ஸ்டொப்வொச். இருபது அலைவுக்கு எடுக்கும் நேரத்தைக் குறித்து, சமன்பாட்டில் போட்டு, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பௌதிகவியல் படித்தாலும் எளிய ஊசல் உங்களுக்காக எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். வரவேண்டிய விடை 9.8 எண்டு செய்யிறவருக்கும் தெரியும், திருத்துறவருக்கும் தெரியும். போன வருடத்து பட்சின்ர கொப்பியிலயும் அதுதான் இருக்கு. பிறகு ஏன் அளக்கிறம்?

இது சோம்பேறிக் கேள்வி இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால ஏறத்தாழ 170 வருட வரலாறு கிடக்குது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பௌதிகவியல் படிக்க வந்த மாணவர்கள் பெரும்பாலும் கருவிகளைத் தொட்டதே இல்லை. மேசைக்குப் பின்னால் பேராசிரியர் நின்று செய்துகாட்டுவார், மாணவர்கள் வாங்கிலிருந்து பார்ப்பார்கள். கருவிகள் விலை கூடியவை. அவற்றில் கைவைக்கும் உரிமை பேராசிரியருக்கும் அவருடைய உதவியாளருக்கும்தான்.

இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் தொம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எண்டு அறியப்பட்டவர். 1846இல், 22 வயதில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய ஆராய்ச்சிக்கு அளவீடுகள் நிறையத் தேவைப்பட்டன. ஒரு ஆள் செய்து முடிக்கிற வேலை இல்லை. மாணவர்களைக் கூப்பிட்டார். பாவிக்காமல் கிடந்த ஒரு பழைய வைன் நிலவறைதான் அவர்களுடைய ஆய்வுகூடம். அங்கே மாணவர்கள் அளந்தவற்றின் விடை யாருக்கும் தெரியாது, தொம்சனுக்கும் தெரியாது.

அது அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட முயன்ற காலம். செம்பு எண்டு சொல்லி விற்கப்பட்ட கம்பிகள் எல்லாம் மின்னை ஒரே மாதிரிக் கடத்தவில்லை. ஒன்றுக்கொன்று கடத்துதிறன் பெரிதாக வேறுபட்டதை தொம்சன் 1857இல் கண்டார். 1858இல் போட்ட முதல் அட்லாண்டிக் கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. தடையை, மின்னோட்டத்தைச் சரியாக அளக்கத் தெரிந்த ஆட்கள் வேணும் எண்டு தந்திக் கொம்பனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாம் வருட ஆய்வுகூடம் இப்படித்தான் பரவத் தொடங்கியது. அதன் ஒரு வேர் அறிவுத் தாகத்தில், இன்னொரு வேர் வியாபாரத் தேவையில்.

லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜ்ஜில் 1866இல் மாணவர்களுக்கான ஆய்வுகூடம் வந்தது. அமெரிக்காவின் எம்ஐரியில் 1869இல் எட்வேர்ட் பிக்கறிங் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு மேசை. கருவி அந்த மேசையிலேயே நிரந்தரமாக இருக்கும், பக்கத்தில் எழுதப்பட்ட அறிவுறுத்தல் இருக்கும். மாணவர்கள் மேசை மேசையாகச் சுற்றி வருவார்கள். இண்டைக்கும் நாங்கள் ஆய்வுகூடத்துக்குள் போய் ‘இந்தக் கிழமை எங்களுக்கு எந்த மேசை?’ எண்டு பட்டியலைப் பார்க்கிறது பிக்கறிங்கின் ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். குறைஞ்ச கருவிகளை வைச்சுக்கொண்டு நிறையப் பேருக்குக் கற்பிக்க அது கெட்டித்தனமான வழி. ஆனால் நிலவறையில் இருந்த ஒன்று அதில் தொலைந்தது. மேசையில் எழுதி வைத்த பரிசோதனைக்கு விடை ஏற்கெனவே இருக்கும்.

கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடம் 1874இல் திறக்கப்பட்டது. முதல் பேராசிரியர் மக்ஸ்வெல். பெண்களை உள்ளே விடுவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த ரெய்லி பிரபுவின் காலத்தில், 1882இல்தான், ஆண்களுக்கு நடந்த அதே வகுப்புகள் பெண்களுக்கும் திறந்தன. மின்காந்தவியலின் சமன்பாடுகளை எழுதிய ஒருவருக்கும் தன் ஆய்வுகூடத்தின் கதவைத் திறப்பது கஷ்டமாக இருந்திருக்கு. ரெய்லியின் காலத்திலேயே கிளேஸ்புறூக், ஷோ என்ற இருவரும் செய்முறை வகுப்புகளை ஒழுங்குபடுத்தி, 1885இல் அதற்கொரு பாடநூலும் வெளியிட்டார்கள்.

அடுத்த வருடம் ஹார்வர்டில் நடந்தது இன்னும் பெரிய திருப்பம். பல்கலைக்கழகத்துக்குள் வர விரும்பும் மாணவர்கள் பாடசாலையிலேயே பரிசோதனை செய்திருக்க வேண்டும் எண்டு தலைவர் சார்ள்ஸ் எலியட் விரும்பினார். ‘ஹோல் விளைவை’க் கண்டுபிடித்த எட்வின் ஹோல்தான் அதற்கான பட்டியலைத் தயாரித்தார். ஏறத்தாழ 40 பரிசோதனைகள். மாணவர் தன் குறிப்புக் கொப்பியைக் காட்ட வேண்டும், செய்முறைப் பரீட்சையும் எழுத வேண்டும். அமெரிக்கப் பாடசாலைகள் பல இந்தப் பட்டியலைப் பார்த்துக் கருவி வாங்கின. நல்ல நோக்கம்தான். ஆனால் ஆய்வுகூடம் அனுமதிக்கான கதவாக மாறின பிறகு, அதுக்குள் நடக்கிறதும் மாறத்தான் செய்யும். புள்ளி போட வேணும் எண்டால் விடை ஒன்றாக இருக்க வேணும். நிலவறையில் கேள்வியாக இருந்தது பட்டியலில் பயிற்சியாகி, கொப்பியில் சான்றாகி விட்டது.

பரீட்சைக்கு இன்னொரு பலமும் இருக்கு: அது தூரம் போகும். ஆய்வுகூடத்தைக் கடல் தாண்டி அனுப்புவது பெரும் பாடு, வினாத்தாளை ஒரு உறைக்குள் போட்டு அனுப்பிவிடலாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் பட்டப் பரீட்சைகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. எங்கே படித்தாலும் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டம். மட்டக்களப்பு மண்ணின் மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், லண்டன் விஞ்ஞானப் பட்டத்தை இந்த வழியால்தான் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உருவாக்கும் வேலையிலும் முன்னுக்கு நின்றார். கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் லண்டன் பரீட்சைகளுக்கே மாணவர்களைத் தயார்ப்படுத்தியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரைக்கும் இதுதான் நிலைமை. அந்தப் பரீட்சை எங்கள் ஆட்களுக்குக் கதவு திறந்தது உண்மை. பரீட்சையை மையமாக வைச்சுப் படிக்கிற பழக்கத்தை எங்களுக்குள் ஆழமாக இறக்கினதும் அதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

சரி, பரீட்சை எதை அளக்குது?

1961இல் அமெரிக்காவின் கல்ரெக் பல்கலைக்கழகம் முதலாம் வருடப் பௌதிகவியலை அடியிலிருந்து மாற்றிப் பார்த்தது. விரிவுரைக்கு ரிச்சர்ட் பெயின்மன். புதிய ஆய்வுகூடப் பரிசோதனைகளை விக்ரர் நேஹர் வடிவமைத்தார். இரண்டு வருடம், 1963 வரை நடந்தது. அந்த விரிவுரைகள் மூன்று தொகுதிகளாக வந்து இண்டைக்கும் உலகம் முழுக்க வாசிக்கப்படுது. ஆனால் பெயின்மன் முன்னுரையில் தன் முயற்சியைப் பற்றி நம்பிக்கையாக எழுதவில்லை. பரீட்சையில் பெரும்பான்மை மாணவர்கள் கணக்குகளைக் கையாண்ட விதத்தைப் பார்த்து, இந்த முறை அவர்களுக்குச் சரிவரவில்லை எண்ட முடிவுக்கு வந்திருந்தார். பெயின்மன் வந்து படிப்பித்தும் இப்படியெண்டால், பிழையை மாணவரின் மூளையில் மட்டும் தேடேலாது.

கணக்குச் சரியாக வந்தாலும் விளங்கியிருக்கும் எண்டில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்ரனெசும் சகாக்களும் 1992இல் விசை பற்றிய ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார்கள். கணக்கே இல்லை, பல்தேர்வுக் கேள்விகள் மட்டும். பாரமான லொறியும் சின்னக் காரும் மோதினால் எது எதன் மீது கூடிய விசையைப் போடும் என்கிற வகைக் கேள்விகள். நியூற்றனின் மூன்றாம் விதியை வரிபிசகாமல் சொல்லும் மாணவர் பலர் லொறி எண்டே விடை போட்டார்கள். ஹார்வர்டின் எரிக் மசூர் ‘என்ர பிள்ளைகள் அப்படியில்லை’ எண்டு நம்பித்தான் தன் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. பிறகு அவர் வகுப்பையே மாற்றினார்: ஒரு கேள்வி போடுவார், மாணவர்கள் தனியாக விடை தெரிந்து, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதாடுவார்கள்.

1998இல் றிச்சர்ட் ஹேக் 62 பாடநெறிகளை, 6,542 மாணவர்களை ஒப்பிட்டார். பாடநெறியின் தொடக்கத்தில் மாணவர்களுக்குத் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கை முடிவில் பிடித்தார்கள் எண்டதுதான் அளவுகோல். விரிவுரை கேட்டு மட்டும் படித்த வகுப்புகளில் அது சராசரியாக 0.23. பேசி, வாதாடிப் படித்த வகுப்புகளில் 0.48. இரண்டு மடங்கு.

ஆய்வுகூடத்துக்கும் இப்படி ஒரு கணக்குப் பார்த்தார்கள். நற்றாஷா ஹோம்ஸ், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் இருவரும் 3 நிறுவனங்களில் 9 ஆய்வுகூடப் பாடநெறிகளின் தரவுகளைப் பார்த்து 2018இல் எழுதினார்கள். விரிவுரையில் சொன்னதை உறுதிப்படுத்துவதற்காக வைக்கப்பட்ட ஆய்வுகூடத்தை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பரீட்சையில் அளக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. பரீட்சைக்காகவே வளைக்கப்பட்ட ஆய்வுகூடம் பரீட்சைக்கும் உதவவில்லை!

ஆனால் கதை இதோட முடியேல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹோம்ஸ் குழு அதே பழைய ஊசலை எடுத்து வேறொரு கேள்வி கேட்டது: 10 பாகையில் விட்டால் வரும் அலைவுகாலமும் 20 பாகையில் விட்டால் வருவதும் ஒன்றா? ஒன்றுதான் எண்டு பாடநூல் சொல்லும். ஒரு தரம் அளந்தால் ஒன்று போலத்தான் தெரியும். பிறகு, ‘இன்னும் திருத்தமாக அளக்க என்ன செய்யலாம்?’ எண்டு கேட்டு மாணவர்களைத் திரும்ப அனுப்பினார்கள்.

ஒரு மீற்றர் ஊசலில் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன். இரண்டு கோணத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 0.01 செக்கன். ஸ்டொப்வொச்சை அமத்துற கை அதைவிடப் பலமடங்கு பிந்தும். ஆனால் 20 அலைவை ஒண்டாக அளந்தால் வித்தியாசம் 0.2 செக்கனைத் தாண்டும். அதையே பத்துத் தரம் செய்து சராசரி எடுத்தால் மறைஞ்சு கிடந்தது வெளிய வரும். பாடநூலின் சமன்பாடு சின்னக் கோணங்களுக்கான ஒரு அண்ணளவு எண்டதை மாணவர் தன் கையாலேயே காண்கிறார். ‘மனித வழு’ எண்டு ஒரு வரி எழுதிக் கொப்பியை மூடுகிற இடத்தில் அவருக்கு ஒரு கேள்வி கிடைக்குது.

இதுக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, வெளிநாட்டு நிதியும் தேவையில்லை. அதே நூல், அதே குண்டு போதும். மாற வேண்டியது புள்ளித்திட்டம்: 9.8 வந்ததா எண்டதுக்குக் குறைய, வந்த எண்ணை மாணவர் எப்படி நம்புகிறார், எப்படிச் சந்தேகப்படுகிறார் எண்டதுக்குக் கூட. 9.4 வந்தவர் 9.4 எண்டே எழுதி, ஏன் வந்தது எண்டு தேடினால் அவருக்குத்தான் முழுப்புள்ளி கிடைக்க வேணும். விரிவுரையாளர்களாகவும் செய்முறை போதனாசிரியர்களாகவும் நாளைக்கு வரப்போறது எங்களில சிலர்தான். அந்தப் புள்ளித்திட்டத்தை எழுதுற பேனை அப்ப எங்கட கையில இருக்கும்.